ஊழியமும் காவலும்: எண்ணூர்க் கழிமுகத்தில் ஆதியாகமம்

ராயபுரம் என்ற பெயருக்குள்ளேயே ஒரு மீனவர் இருக்கிறார். இயேசுவின் சீடரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்று அழைத்தார்கள். அவர் பெயரால்தான் ஊர் ராயபுரம் ஆயிற்று என்று இப்பகுதியில் சொல்லிவருகிறார்கள். மதராஸுக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். மசூலா படகுகளில் அலையைக் கிழித்துப்போய்ச் சரக்கையும் ஆட்களையும் கரைசேர்த்த படகோட்டிச் சமூகத்தார் 1829-இல் இங்கே பேதுருவுக்கு ஓர் ஆலயம் கட்டினார்கள். வடசென்னையில் விசுவாசமும் கடலும் அன்று முதலே சேர்ந்து நிற்கின்றன.

அந்தக் கடலும் கரையும் இன்று வேறு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகம் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் வழியில் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் தாண்டியும் கடல் ஊருக்குள் ஏறியது. மணற்கரை இருந்த இடத்தில் இப்போது கருங்கல் கொட்டிய தடுப்பு இருக்கிறது. அதற்கு மேற்கிலும் வடக்கிலுமாக மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலைகள், எண்ணூரின் அனல்மின் நிலையங்கள், 2001-இல் இயங்கத் தொடங்கிய காமராசர் துறைமுகம், அதை அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம். இவற்றுக்கு நடுவே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம்.

இந்தக் கரையில் ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கப்படுகிறது. பெரிய ஆலயங்களிலும், தெருமுனை ஜெபவீடுகளிலும், வார நாட்களில் வீட்டுக் கூட்டங்களிலும் வாசிக்கப்படுகிறது. படைப்பைப் பற்றிய வேதபகுதிகள் இங்கே வாழ்பவரிடம் என்ன கேட்கின்றன? அவற்றை நம்புவது என்றால், நடைமுறையில் எதைச் செய்வது? இந்தக் கேள்விக்கு உலகத் திருச்சபையும் இந்தியத் திருச்சபையும் இதுவரை தந்த பதில்களைப் பார்த்து, அவை இந்தக் கரைக்கு எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்று சோதிப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஆளுகை என்ற சொல்

விவாதம் எப்போதும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தொடங்கும். பூமியைக் கீழ்ப்படுத்தவும் மற்ற உயிர்களை ஆளவும் மனிதருக்கு அங்கே அதிகாரம் தரப்படுகிறது. 1967-இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தைச் சுட்டியது. இயற்கை மனிதனின் பயனுக்காகவே உண்டு என்ற எண்ணத்தை மேற்கத்தியக் கிறிஸ்தவம் வளர்த்தது, இன்றைய சூழல் நெருக்கடியில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்பது அவர் குற்றச்சாட்டு. அதே கட்டுரையில் அசிசியின் பிரான்சிஸை மாற்று வழிகாட்டியாக முன்வைத்தார். 12 ஆண்டுகள் கழித்து, 1979-இல், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அந்தப் பிரான்சிஸையே சூழலியலுக்குப் பாதுகாவலராக அறிவித்தார்.

ஒயிட்டுக்குப் பதில் சொன்னவர்களில் சிலர் வசனத்தின் கூர்மையை மழுங்கடித்துவிட்டார்கள். அது நேர்மையல்ல. ‘கீழ்ப்படுத்து’ என்பதற்கு எபிரேயத்தில் உள்ள ‘காபாஷ்’ வன்மையான சொல். நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் கடனுக்காகப் பிள்ளைகள் அடிமைப்படுத்தப்படுவதைச் சொல்லும்போதும் அதே வினைதான் வருகிறது. ‘ஆள்’ என்பதற்குள்ள ‘ராதா’ அரசனின் ஆட்சியைக் குறிக்கும் சொல்.

ஆனால் வேதத்தில் ஆட்சிக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. சங்கீதம் 72 இதே ‘ராதா’ என்ற வினையால் நல்ல அரசனைப் பாடுகிறது. கடல் முதல் கடல் வரை ஆளும் அவனை, ஏழையின் கூக்குரலைக் கேட்கிறானா என்பதை வைத்து மதிப்பிடுகிறது. எசேக்கியேல் 34-இல் அதே வினை கண்டனமாகத் திரும்புகிறது: மந்தையைக் கொடூரமாக ஆண்ட மேய்ப்பர்கள் கணக்குக் கேட்கப்படுகிறார்கள். ஆள்பவர் என்றால் கணக்குச் சொல்ல வேண்டியவர். எளியவரின் நிலையைப் பார்த்தாலே ஆட்சியின் தரம் தெரிந்துவிடும்.

அதிகாரம் தரப்படுவதற்கு முன் நடப்பதையும் கவனிக்க வேண்டும். வேதத்தின் முதல் ஆசீர்வாதம் மனிதருக்குக் கிடைத்ததல்ல. ஐந்தாம் நாளில் கடல்வாழ் உயிர்களும் பறவைகளும் அதைப் பெறுகின்றன. பலுகிப் பெருகும்படி முதலில் சொல்லப்பட்டது மீன்களிடம். பாபிலோனியரின் படைப்புக் கதையில் கடல் ஒரு பகை; மார்துக் என்ற தெய்வம் அதைக் கொன்று உலகை ஆக்குகிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்கள் நடுவே ஆதியாகமம் முதல் அதிகாரம் இன்றைய வடிவம் பெற்றது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த நிலையில் கடலை ஆசீர்வதித்துப் பேசியது பெரிய துணிவு. கடலை நம்பிப் பிழைக்கும் காசிமேட்டிலும் நெட்டுக்குப்பத்திலும் இந்த வசனம் ஆறு நாள் விவாதத்தைக் காட்டிலும் அழுத்தமாகக் கேட்க வேண்டும். படைப்பைப் பற்றிய நம் வேதபாடங்கள் நாள் என்றால் 24 மணி நேரமா, யுகமா என்ற வாதத்திலேயே நேரத்தைச் செலவழித்துவிடுகின்றன. மீன் பெற்ற ஆசீர்வாதத்தை யார் பறித்தார்கள் என்ற கேள்வி எழுவதற்குள் கூட்டம் முடிந்துவிடுகிறது.

தமிழ் வேதம் காப்பாற்றிய உறவு

இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் தோட்டத்தில் வைக்கப்படுகிறான். அவனுக்கு இரண்டு வேலைகள். எபிரேயத்தில் ‘ஆபாத்’, ‘ஷாமார்’. 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் நிறைவுற்று, இன்றும் பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் புழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பு இவற்றைப் பண்படுத்துவது, காப்பது என்று தருகிறது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு ஃபெப்ரீஷியஸ் வேப்பேரியில் இருந்துகொண்டு தமிழ் வேதத்துக்குப் போட்ட அடித்தளத்தின்மீதே இந்தப் பணியும் எழுந்தது. வடசென்னைக்குப் பக்கத்து வீட்டில் நடந்த வேலை அது.

‘ஆபாத்’ நிலத்தில் உழைப்பதைக் குறிக்கும். கடவுளுக்குத் தொண்டு செய்வதையும் குறிக்கும். எண்ணாகமம் 3-இல் ஆசரிப்புக் கூடாரத்தில் லேவியர் செய்யும் பணிக்கு இந்த இரண்டு வினைகளும் சேர்ந்தே வருகின்றன. தோட்டத்தில் ஆதாமின் வேலையும் கூடாரத்தில் ஆசாரிய குலத்தின் வேலையும் வேதத்துக்கு ஒரே வகை. தமிழில் இதற்கு அழகான ஒரு சொல் கைவசம் இருக்கிறது: ஊழியம். சபையில் பிரசங்கிப்பவர் ஊழியக்காரர். திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு பார்ப்பவர் ஊழியர். ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டு, ஒன்றைப் பரிசுத்தம் என்றும் மற்றதை வயிற்றுப்பாடு என்றும் பிரித்தது நாம்தான்.

‘ஷாமார்’ இன்னும் முக்கியம். ஆதியாகமத்தின் தொடக்கத்தில் அது மூன்று முறை வருகிறது. முதலில் தோட்டத்தைக் காப்பதற்கு. அடுத்து, மனிதன் வெளியேற்றப்பட்டபின் ஜீவவிருட்சத்துக்குப் போகும் வழியைக் கேருபீன்கள் காவல் செய்வதற்கு. மூன்றாவதாக, காயீனின் வாயில்: தம்பி எங்கே என்று கேட்ட கடவுளிடம், அவனுக்கு நான் காவலாளியா என்று திருப்பிக் கேட்கிறான். காக்க, காவல், காவலாளி. எபிரேயத்தில் ஒரே வினையாக இருந்தது தமிழிலும் ஒரே வேரில் நிற்கிறது. பழந்தமிழில் ‘கா’ என்றாலே சோலை என்பதும் நினைவுக்கு வருகிறது.

இந்தச் சொல்லுறவே இக்கட்டுரையின் மையம். நிலத்தைக் காக்கத் தவறிய குடும்பம் அடுத்த தலைமுறையிலேயே உடன்பிறந்தவனைக் காக்கத் தவறுகிறது. ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்துதான் கூப்பிடுகிறது; காயீனுக்குக் கிடைக்கும் தண்டனையும் நிலம் இனி அவனுக்குப் பலன் தராது என்பதே. சூழல் ஒரு தனிப் பாடம், சமூகநீதி இன்னொரு தனிப் பாடம் என்று வேதம் பிரிக்கவில்லை.

மூன்று வாசிப்புகள்

கடந்த அரை நூற்றாண்டில் திருச்சபைகள் படைப்பை வாசித்த விதங்களை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, பொறுப்பாளர் வாசிப்பு. பூமி கடவுளுடையது, மனிதன் மேற்பார்வையாளன். எளிதில் புரியும், ஜெபத்திலும் பிரசங்கத்திலும் சுலபமாக இடம் பிடிக்கும். ஆனால் மேற்பார்வையாளன் யார் என்ற கேள்வியை இது மேலோட்டமாகக் கடந்துவிடுகிறது. எண்ணூரில் ஆலையை நடத்துபவரும் கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணும் ஒரே அளவுக்குப் பொறுப்பாளர் என்று சொன்னால், கேட்க நன்றாக இருக்கும், உண்மையாக இருக்காது.

இரண்டாவது, உறவு வாசிப்பு. நோவாவின் காலத்தில் கடவுள் செய்த உடன்படிக்கை மனிதரோடு மட்டும் செய்ததல்ல, எல்லா உயிர்களோடும் செய்தது என்பதை இது முன்னிறுத்துகிறது. பிரான்சிஸின் மரபு இதுவே. கிழக்கத்திய மரபுச் சபைகளின் பேராயத் தந்தை முதலாம் டிமிட்ரியோஸ் 1989-இல் செப்டம்பர் 1-ஐப் படைப்புக்கான ஜெப நாளாக அறிவித்தார். அந்த நாள் முதல் அக்டோபர் 4-ஆம் தேதி பிரான்சிஸ் திருநாள் வரை ‘படைப்பின் காலம்’ என்று பல சபைகள் இன்று கடைப்பிடிக்கின்றன.

மூன்றாவது, நீதி வாசிப்பு. உலகத் திருச்சபைகள் மன்றம் 1983-இல் வான்கூவரில் கூடியபோது நீதி, சமாதானம், படைப்பின் முழுமை ஆகிய மூன்றையும் ஒரே கயிற்றில் முடிந்தது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல், பூமியின் அழுகையும் ஏழையின் அழுகையும் வேறல்ல என்ற திசையில் பேசியது. இந்த வாசிப்புக்கு ஓசியா 4-ஆம் அதிகாரம் வலுவான ஆதாரம். நாட்டில் பொய்யும் களவும் கொலையும் பெருகியதால் தேசம் புலம்புகிறது, கடலின் மீன்களும் வாரிக்கொள்ளப்படுகின்றன என்கிறார் தீர்க்கதரிசி. மீன் சாவுக்குக் காரணம் கேட்டால் அவர் மனிதரின் நடத்தையைக் காட்டுகிறார்.

மூன்றும் ஒன்றுக்கொன்று தேவை. நீதி வாசிப்பு இல்லாவிட்டால் முதலிரண்டும் மரம் நடும் விழாவோடு நின்றுவிடும். உறவு வாசிப்பு இல்லாவிட்டால் நீதிப் பேச்சு இழப்பீட்டுத் தொகையோடு முடிந்துவிடும். செத்த நண்டுக்காக யாரும் துக்கப்படமாட்டார்கள்.

இந்தியக் கரையின் அனுபவம்

இந்தியாவில் இந்த நீதி வாசிப்பு கடற்கரையில்தான் உடல்பெற்றது. கேரளத்தைச் சேர்ந்த ரெடம்ப்டரிஸ்ட் சபைக் குரு தாமஸ் கொச்சேரி மீனவர்களோடு வாழ்ந்து, அவர்களின் தேசிய இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர். 1989-இல் கிழக்கு, மேற்குக் கரைகளிலிருந்து புறப்பட்டுக் கன்னியாகுமரியில் கூடிய பெரும்பயணத்தின் முழக்கம், நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்பது. அங்கேயும் அந்த ‘காக்க’ என்ற வினையே. 2011 முதல் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக நடந்த போராட்டத்தில் இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகம் மக்கள் உட்காரும் பந்தலாயிற்று. அந்தப் போராட்டத்தின் கோரிக்கையோடு உடன்படலாம், மறுக்கலாம். ஆனால் ஓர் ஆலயம் தன் முற்றத்தைக் கரையோர மக்களின் அச்சத்துக்குத் திறந்துவிட்டது வரலாறு.

சி.எஸ்.ஐ. சினாடு சூழலியல் அக்கறைக்குத் தனித் துறை வைத்துள்ளது. சென்னையின் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் இத்துறையில் பாடம் நடத்தியிருக்கின்றன. சிந்தனைக்குக் குறைவில்லை. அந்தச் சிந்தனை எண்ணூரின் வாரக் கூட்டம் வரை வந்து சேர்வதில்தான் குறை.

இதற்கு ஒரு காரணம், உலகம் எப்படியும் எரிந்துபோகும், ஆத்துமா பரலோகம் சேர்ந்தால் போதும் என்ற போதனை. 2 பேதுரு 3-ஆம் அதிகாரம் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். ஆனால் அதே பகுதி நீதி வாசமாயிருக்கும் புதிய வானத்தையும் புதிய பூமியையும் நோக்கித்தான் முடிகிறது. அதை எதிர்பார்ப்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நடுவில் கேட்கவும் செய்கிறது. ரோமர் 8-இல் பவுல் சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுவதாகச் சொல்கிறார். பிரசவ வேதனை சாவின் அறிகுறி ஆகாது. பிறக்கப்போகும் ஒன்றுக்கான வலி அது. பிரசவ அறையில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை.

ஒரே பெஞ்சில் இருவர்

இரண்டாவது காரணம் கடினமானது. அதை மதித்துப் பேச வேண்டும். வடசென்னை ஆலயத்தின் ஒரே பெஞ்சில் மீனவக் குடும்பமும் ஆலைத் தொழிலாளர் குடும்பமும் உட்கார்ந்திருக்கின்றன. அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப்., ராயல் என்ஃபீல்டு, விம்கோ தீப்பெட்டி என்று இந்தக் கரையின் தொழிற்சாலைகள் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டன. பல வீடுகளில் தகப்பன் வலை போட்டவர், மகன் நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. போதகர் ஆலையைப் பற்றிப் பேசினால் ஒரு வீட்டின் வருமானத்தைப் பற்றிப் பேசுகிறார். பேசாவிட்டால் பக்கத்து வீட்டின் இழப்பைப் பற்றி மௌனமாகிறார்.

இதற்கு வேதம் தரும் வழி ஊழியத்தையும் காவலையும் பிரிக்காமல் வைப்பது. தோட்டத்தில் உழைப்பு முதலில் வருகிறது. உழைப்பு சாபமாக அங்கே தொடங்கவில்லை. ஆனால் காவல் இல்லாத உழைப்பைக் கடவுள் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆலைக்குள் கசிவை முதலில் பார்ப்பவர் தொழிலாளிதான். அதை முதலில் சுவாசிப்பவரும் அவர்தான். பாதுகாப்பான வேலையிடம் கேட்கும் தொழிலாளியும் சுத்தமான கழி கேட்கும் மீனவரும் ஒரே வசனத்தின் இரண்டு வினைகளைப் பேசுகிறார்கள்.

நடந்தவற்றை வரிசையாக நினைத்தால் இது விளங்கும். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையெங்கும் மீனவரும் இளைஞரும் வாளிகளால் அந்தக் கரும்பசையை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழியில் பரவியது; படகும் வலையும் அலையாத்தியும் கூழைக்கடாவின் இறகும் கறுத்தன. அதே டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அது. கட்டிய நட்சத்திர விளக்குகள் அவிழ்க்கப்படாத இரவு. இவற்றுக்கெல்லாம் அடியில், ஆண்டுக்கணக்காகக் கொசஸ்தலையில் படிந்துவரும் சாம்பல். அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்கள் கசிந்து ஆறு மேடாகிப்போனது பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் தீர்ப்பளித்துச் சீரமைக்கச் சொல்லியிருக்கிறது.

ஓய்வும் முறையும்

லேவியராகமம் 25 நிலத்துக்கு ஏழாம் ஆண்டு ஓய்வு கட்டளையிடுகிறது. கொடுக்காததால் நிலம் தானே அதை எடுத்துக்கொண்டது என்கிறது 2 நாளாகமம் முடியும் இடம். மீனவருக்கு இதை விளக்க உரையாசிரியர் தேவையில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. முட்டையிடும் மீனுக்கு அது ஓய்வுக்காலம். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு: நல்ல இடத்தில் வலை போடும் உரிமை குடும்பங்களுக்கிடையே முறைவைத்துச் சுழலும். அந்த முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அது குறையற்றதல்ல. ஆனாலும் ஒருவரே எல்லாவற்றையும் அள்ளக்கூடாது என்ற யூபிலி ஆண்டின் மனசாட்சி அதில் இருக்கிறது. வலைக்காரர் 61 நாள் ஓய்வு கொடுக்கும் நீருக்கு, கழிவுக்குழாய் ஒருநாளும் ஓய்வு கொடுப்பதில்லை. ஓய்வுநாள் கட்டளையை இந்தக் கரையில் பிரசங்கிக்கிறவர் இந்த முரணைச் சொல்லாமல் போக முடியாது.

எசேக்கியேல் பார்த்த ஆறு

எண்ணூருக்கென்று ஒரு வேதபகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எசேக்கியேல் 47-ஐச் சொல்வேன். ஆலயத்தின் வாசற்படிக்குக் கீழிருந்து தண்ணீர் புறப்படுகிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஆழமாகி ஆறாகிறது. செத்த கடலில் போய் விழுந்து அதை ஆரோக்கியமாக்குகிறது. கரையில் மீன்பிடிக்கிறவர்கள் நிற்கிறார்கள், வலை விரிக்க இடம் இருக்கிறது, பலவகை மீன் திரளாக இருக்கிறது. பிறகு பலரும் தாண்டிப்போகும் ஒரு வரி வருகிறது: சேற்றுநிலங்களும் சதுப்புகளும் மட்டும் உப்புக்காக அப்படியே விடப்படுகின்றன.

கழியோரம் வாழ்ந்தவருக்கு அந்த வரியின் அருமை தெரியும். எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் உப்பளங்கள் இருந்தன. ஆறு, கழி, அலையாத்தி, சதுப்பு, உப்பளம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த நீர்நிலை. இறால் குஞ்சு வளர்வதும் வெள்ளம் வடிவதும் அதனால்தான். கடைசி நாளின் மகிமையைக் காணும் தீர்க்கதரிசிகூடச் சதுப்பை வீண்நிலம் என்று நிரப்பிவிடவில்லை. உப்பு விளைவிக்கிறவரின் பங்கை நினைவில் வைத்து ஒதுக்கிவைக்கிறார். புறம்போக்கு என்று நம் கணக்கேடுகள் அலட்சியமாய் எழுதும் இடத்துக்கு அவருடைய தரிசனத்தில் ஒரு பெயரும் பயனும் இருக்கின்றன.

இன்னொன்றும் அங்கே உண்டு. அந்தத் தண்ணீர் ஆலயத்துக்குள் தேங்கவில்லை. வாசற்படியைத் தாண்டிக் கெட்டுப்போன நீரை நோக்கிப் போகிறது.

கிரியையுள்ள விசுவாசம்

கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. அவர் காட்டும் உதாரணம் பசித்தவரிடம் வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்புகிறவர். எண்ணெய் படிந்த வலையோடு நிற்பவரிடம் உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று மட்டும் சொல்வது அதற்கு ஈடானது.

வடசென்னைச் சபைகள் செய்யக்கூடியவை பெரிய காரியங்களாக இருக்கத் தேவையில்லை. படைப்பின் காலத்தில் ஒரு வேதபாடத்தையாவது கழிக்கரையில் நடத்தலாம். மீனவரும் இருளரும் ஆலைத் தொழிலாளரும் அங்கே பேச, போதகர் கேட்கலாம். அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறியும் கோழியும் படைக்கிற ஆலயத்தில், கழியில் இந்த ஆண்டு கிடைத்த இறாலும் நண்டும் படைக்கப்படட்டும். கிடைக்காமல்போனவற்றின் பெயர்களும் வாசிக்கப்படட்டும். வாசனை அடிக்கும் இரவின் தேதியும் நேரமும், மீன் மிதந்த நாளும் சபையின் பதிவேட்டில் ஞானஸ்நானத்தைப் போல, அடக்கத்தைப் போல எழுதப்படட்டும். பொது விசாரணை நடக்கும்போது அந்தப் பதிவேடு சாட்சியாகும். எந்த எச்சரிக்கையும் வராத இரவில் ஆலயமணி அடிக்கட்டும், கதவுகள் திறந்திருக்கட்டும்.

இவை எல்லாம் காவல் வேலைகள். காவலாளி அற்புதம் செய்பவர் அல்ல. விழித்திருந்து, பார்த்ததைச் சொல்பவர்.

ஆதியாகமத்தில் கடவுள் மனிதரிடம் கேட்கும் முதல் கேள்வி ‘எங்கே’ என்பது; அது மறுபடியும் வருகிறது. ஆதாமிடம், நீ எங்கே. காயீனிடம், உன் தம்பி எங்கே. எண்ணூர்க் கழியோரம் வேதத்தைத் திறந்தால் அந்தக் கேள்வி இன்னும் நீள்கிறது: கழியின் இறால் எங்கே, கரையின் மணல் எங்கே, உப்பளம் எங்கே, மூச்சுத் திணறி ஊரைவிட்டுப் போன அந்தக் குடும்பம் எங்கே? காயீன் சொன்ன பதில் எளிதானது. அதை இன்றும் சொல்லலாம். ராயப்பரின் பெயரைச் சுமக்கும் ஊரிலிருந்து வேறொரு பதில் போக வேண்டும்: ஆம், நாங்கள் காவலாளிகள், இதோ, கணக்கு.